இரண்டு வளையம்

ஜனவரி 9, வெள்ளி

காலையில் தண்ணீர் புகாத முக்குளிப்பு உடையான டிரைசூட்டை மாட்டும்போது, என் மனைவி சிக்னேயின் இடது மணிக்கட்டில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் கிழிந்துவிட்டது. பழைய லேட்டக்ஸ். தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இன்று படகு எடுக்கவில்லை.

கிழிந்ததும் நல்லதற்குத்தானோ என்னவோ. விரல்கள் இனிமேல் குளிரில் விறைக்கக் கூடாது, மீறினால் இந்தத் தொழிலையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் அக்டோபரிலேயே சொல்லிவிட்டார். இருபது வருடமாகக் கடலடியில் விசிறிச் சிப்பியைக் கையால் பொறுக்குகிறவள் அவள். தண்ணீர் ஐந்து டிகிரி. மேலே வந்து நனைந்த கையுறையை உருவினால் நான்கு விரலும் மெழுகு போல வெளுத்திருக்கும். என் காது ஜவ்வு கிழிந்து நான் கரையேறி எட்டு வருடம் ஆகிறது. அதிலிருந்து அவள் கீழே, நான் படகில். அவளுடைய உடையை ஒட்டுவதும் வெட்டுவதும் பழுது பார்ப்பதும் என் பொறுப்பு. அவளும் ஏறிவிட்டால் எங்கள் கதை முடிந்தது.

ஜனவரி 12

படகுத்துறையில் காபி மேசை. ஹால்வர் இருந்தான். அவனும் சிப்பி எடுக்கிறவன், கேட்காமலே ஆலோசனை சொல்கிறவன்.

"நியோப்ரீன் சீல் போடு. பத்து வருஷத்துக்கு அசையாது."

அவன் மணிக்கட்டு உலக்கை மாதிரி, எதைப் போட்டாலும் நிற்கும். சிக்னேயுடையது எலும்பும் நரம்பும்தான். கத்தியை இறுக்கிப் பிடித்தால் இரண்டு நரம்பு புடைத்து, நடுவில் ஒரு வாய்க்கால் விழும். நியோப்ரீன் தடித்த ரப்பர், அதில் படியாது. லேட்டக்ஸ் படியும், ஆனால் வெயிலும் எண்ணெயும் அதற்கு எமன். கிழிந்தால் பசை போட்டு ஒரு நாள் முழுக்கக் காய வைக்க வேண்டும். சிலிக்கான் எல்லாவற்றையும் விட மெத்தென்றிருக்கும். உடையின் கைமுனையில் இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தில் மாட்டினால் போதும், படகிலேயே பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். நகம் பட்டால் போச்சு, கிழிந்தால் ஒட்டாது. இருந்தாலும் சிலிக்கான்தான் என்று முடிவு செய்து அவனிடமும் சொன்னேன். அதே வளையத்தின் வெளிப்பக்கம் தண்ணீர் புகாத கையுறை மாட்டிக்கொள்ளும். சீல் உபரியாக ஒரு ஜோடி.

"வெளிய கையுறை வந்துட்டா உள்ள எதுக்குய்யா சீலு? எடுத்துக் கடாசு. நான் நாலு வருஷமா இல்லாமத்தான் எறங்குறேன்."

"கையுறை கிழிஞ்சா?"

"கிழிஞ்சா ஏறி வா!"

மேசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கையுறை வெளிக்கதவு, சீல் உள்கதவு. வெளிக்கதவு உடைந்தால் கை மட்டும் நனையும், உடம்பு தப்பிக்கும். உள்கதவு இருந்தே ஆக வேண்டும்.

ஜனவரி 21

புது சீலும் கையுறையுமாக முதல் முறை இறங்கினாள். பதினெட்டு மீட்டர், நாற்பது நிமிடம். மேலே வந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தாள். சூடு! பிப்ரவரி நெருங்கும்போது இவள் கை சூடாக இருந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

கையுறையில் ஒரு சிக்கல் உண்டு. ஆழத்தில் கையுறை நசுங்கிக் கையைப் பிழியும். உடைக்குள் இருக்கும் காற்று கைக்கும் போனால்தான் சரியாகும். அதற்காக சீலுக்கு அடியில் கம்பளி நூல் ஒன்றைச் செருகிவிட்டிருந்தேன், காற்று அதன் வழியே கசிந்து போகும். அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் சீல் இறுக்குகிறதாம்.

"குளிர் இல்ல ஷூர். ஆனா ரத்தம் வர மாட்டேங்குது. கயித்தால கட்டின மாதிரி இருக்கு."

சுண்டு விரல் மறுபடி வெளுத்திருந்தது.

ஜனவரி 24

சீலின் நுனியில் மெல்லிய வளையக் கோடுகள் இருக்கும். இறுக்கினால் ஒரு கோட்டோடு வெட்டித் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வளையம்தான். வெட்டி, மாட்டி, ஒரு முறை இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. இந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான். வெட்டினதை ஒட்ட முடியாது.

நாளைக்குப் பெரிய ஆர்டர். திங்கட்கிழமை புயல். ஒரு நாள்தான் இருக்கிறது.

"ரெண்டா வெட்டு."

"ஒண்ணு. நாளைக்கு எறங்கிப் பாரு, அப்புறம் பாக்கலாம்."

"உன் விரலா வெளுக்குது?"

கத்தரிக்கோல் கையில் இருந்தது. இரண்டு கையிலும் இரண்டிரண்டு வெட்டிவிட்டேன்.

ஜனவரி 25

சிரித்துக்கொண்டே ஏறினாள். "இனிமே அந்த நூலே வேண்டாம்பா. காத்து தானா போகுது!" நூலைப் பிடுங்கிக் கடலில் எறிந்தாள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 3

ஒரே நாளில் பதினோரு பெட்டி. பத்து நாளாக விரல் வெளுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் காட் மீனும் ஈரலும். இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

பிப்ரவரி 10

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 11

எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

நேற்று காலையிலிருந்து மூன்றாவது முறையாக இறங்கினாள். இருபத்து நான்கு மீட்டர். இருபத்தைந்தாவது நிமிடத்தில் மிதவைக் கயிறு இரண்டு தடவை ஆடியது, நின்றது. பிறகு படகிலிருந்து முப்பது அடி தள்ளித் தண்ணீர் பிளந்து அவள் வெளியே வந்தாள். அப்படி வரக் கூடாது. ஐந்து மீட்டரில் நின்று, காத்திருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி நரம்பைத் தாக்கும். இடுப்புப் பட்டையில் ஈய எடை இல்லை, கழற்றி விட்டிருக்கிறாள். இழுத்து ஏற்றினேன். எப்படி ஏற்றினேன் என்று தெரியவில்லை, ஒரு பசுமாட்டின் கனம். இடது கையுறையில் மூன்று விரல் நீளத்துக்குக் கிழிசல், அவள் கத்தியேதான். உடையைக் கழற்றினேன். உள்ளே போட்டிருந்த கம்பளி முழுக்க ஈரம். பிழிந்தால் தளத்தில் ஓடியது.

"ஷூர், என் காலு எங்க?"

கால் இருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

ஹெலிகாப்டர் வரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். நகரத்து ஆஸ்பத்திரியில், குமிழியைக் கரைக்கும் அழுத்த அறைக்குள் வைத்திருக்கிறார்கள்.

காற்று தானாகப் போகிறதாம். காற்று போகிற வழியில் தண்ணீர் வராதா? முட்டாளே, முட்டாளே, முப்பது வருடம் இந்தத் தொழிலில் என்ன கற்றுக்கொண்டாய்?

பிப்ரவரி 12

போலீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். உடையை விசாரணைக்கு எடுத்துப் போக நாளை வருவார்களாம். எதையும் தொட வேண்டாம் என்றாள். சரி என்றேன்.

படகுக் கொட்டகைக்குப் போனேன். உபரி ஜோடி அலமாரியில் இருந்தது. பழைய சீல் இரண்டையும் கழற்றிப் புதியதை மாட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பவுடர் பூசி, உப்புத் தண்ணீரில் நனைத்து, அவள் கை நுழைகிற மாதிரி என் கையை நுழைத்து நுழைத்துப் பழசாக்கினேன். வெட்டின ஜோடியை மீன் கழிவுப் பீப்பாயில் போட்டேன்.

ஏன் செய்தேன்? என் கத்தரிக்கோல்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் இருப்பதாக எழுதினால் பொய்.

பிப்ரவரி 26

அழுத்த அறையில் ஏழு தடவை. வலது கால் திரும்பிவிட்டது. இடது கால் திரும்பவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லவில்லை. வரும் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 12

சிக்னே வீட்டுக்கு வந்து நான்கு நாள். இன்று அறிக்கை வந்தது. கையுறை கத்தியால் கிழிந்திருக்கிறது. உள்சீல் இரண்டும் நல்ல நிலையில், சரியான அளவில் இருக்கின்றன. ஆகவே தண்ணீர் கையோடு நின்றிருக்கும், உடைக்குள் புகுந்திருக்க வாய்ப்பு குறைவு. முக்குளித்தவர் பதற்றத்தில் எடையைக் கழற்றி விரைந்து மேலேறியதே காரணம்.

இரண்டு தடவை படித்தேன். இது என் மண்டையில் உதிக்கவே இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். பழி எங்கேயாவது போய் விழத்தானே வேண்டும்.

மார்ச் 14

படித்துவிட்டாள்.

"அப்போ தண்ணி கையிலதான் இருந்துச்சா? நெஞ்சு வரைக்கும் ஏறின மாதிரி இருந்துச்சே."

அறிக்கையை மடித்து மேசையில் வைத்தேன்.

"நீதானே உடையக் கழட்டினே? உள்ள ஈரமா இருந்துச்சா?"

"கவனிக்கல. அந்த அவசரத்துல என்னத்தக் கவனிக்கிறது."

எழுதும்போதே கை கூசுகிறது.

மார்ச் 20

காபி மேசையில் ஹால்வர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "யாருக்கும் வர்றதுதான். ஒரு கை தண்ணிக்குப் பயந்துட்டா, பாவம்." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். காபியைக் குடித்து முடித்தேன்.

மார்ச் 29

படகுகள் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறாள். ஹால்வரின் மனைவி பார்க்க வந்தபோது தூங்குவதுபோலக் கிடந்தாள். அவள் போன பிறகு:

"இருபது வருஷம் ஷூர். ஒரு தடவை கூட நான் பயந்து மேல வந்ததில்ல. இப்ப எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல. கால் போனாப் போவுது. கண்ண மூடினா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரிய மாட்டேங்குது."

நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

மார்ச் 30

சொல்லவில்லை.

ஏப்ரல் 6

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை எதையும் விடுவதில்லை. நான் அடுப்பருகே நின்றிருந்தேன்.

"ஷூர். அன்னிக்கு நூல் இல்லையே."

"என்ன நூல்?"

"சீலுக்கு அடியில போடுற நூல். நான்தான் கடல்ல போட்டேனே. பதினஞ்சு நாள் நூல் இல்லாமத்தான் எறங்கினேன். கையுறை ஒரு தடவை கூட நசுங்கல."

கத்தி நின்றுவிட்டது.

"சீல் சரியா இருந்திருந்தா காத்து எப்படிடா கைக்குப் போச்சு?"

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, எல்லாவற்றையும். பீப்பாய், பவுடர், கம்பளியைப் பிழிந்தபோது ஓடிய தண்ணீர். இரண்டு வளையம் வெட்டியதைச் சொன்னபோது கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அது நான் கேட்டது. அதுக்கு உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேருந்தான் வெட்டினோம்." கத்தியை மேசையில் வைத்தாள். "ஈரமா இருந்துச்சான்னு உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டேனே. கவனிக்கலைன்னியே. என்னைப் பைத்தியமா ஆக்கிட்டியேடா."

அழவில்லை. நான்தான் அழுதேன். அதையும் அவள் பார்க்கவில்லை, கிழங்கை உரிக்க ஆரம்பித்திருந்தாள்.

ஏப்ரல் 7

போலீஸுக்கு நானே போன் செய்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதே பெண்தான் எடுத்தாள். முதலிலிருந்து மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள்.

மாலையில் என் துணிகளைப் படகுக்கு எடுத்துப் போனேன்.

ஏப்ரல் 18, சனி

படகின் கேபினில் பன்னிரண்டாவது நாள். அடுப்பு புகைகிறது.

இன்று ஹால்வரின் மனைவி காரில் சிக்னேயைத் துறைக்கு அழைத்து வந்தாள். இரண்டு ஊன்றுகோலோடு அவளே இறங்கினாள், யாரையும் பிடிக்க விடவில்லை. நேரே காபி மேசைக்குப் போனாள். நான் கேபின் கதவருகே நின்றிருந்தேன், ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கையுறை கிழிந்தது, சீல் தளர்வாக இருந்தது, நெஞ்சு வரை தண்ணீர் ஏறியது, எடையைக் கழற்றினேன், மேலே வந்தேன், உங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்றாள். ஹால்வர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். என் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பிறகு படகருகே வந்தாள்.

"வீட்டுச் சாவி."

எடுத்து நீட்டினேன். இரண்டு கையும் ஊன்றுகோலில் இருந்தன.

"பாக்கெட்ல போடு."

அவளுடைய கோட்டுப் பாக்கெட்டில் போட்டேன். பலகை வழுக்குகிறது, பார்த்துப் போ என்றேன். தெரியும் என்றாள்.