போர்டை அழித்துவிட்டுப் போக வேண்டும்

செப்டம்பர் 8

படிக்க வேண்டிய நேரத்தில் இதை எழுதுவதற்கு என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என்ன செய்ய? பேசத்தான் வாய் வராது, எழுதவாவது செய்கிறேனே.

முதுகலை புரோகிராமிங் பாடத்தின் விதிகளை மேடம் இன்று சொன்னார். ஒருவரோடு ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், போர்டில் போட்டு விளக்கலாம். ஆனால் போர்டை அழித்துவிட்டு வெறுங்கையோடு போக வேண்டும். புரோகிராமைத் தனியாக எழுதி, யாரோடு பேசினோமோ அவர் பெயரை மேலே போட வேண்டும். எழுதியதைக் காட்டினால் காட்டியவருக்கும் பூஜ்யம், பார்த்தவருக்கும் பூஜ்யம்.

பேச அனுமதி! இதுவரை பக்கத்தில் திரும்பினாலே அதட்டல்தான்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குப் போனில் விளக்கினேன். "சொல்லிக் குடுக்கலாம், காட்டக் கூடாதா? நல்ல கூத்தா இருக்கே" என்றாள்.

செப்டம்பர் 17

வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்த தும்மல் அக்கா (சாக்பீஸ் தூசி ஆகாது) தானாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்த வார அசைன்மென்ட், பேருந்துகளை வரும் நேரப்படி வரிசைப்படுத்தும் புரோகிராம். கட்டம் கட்டமாகப் போட்டு விளக்கினேன். நானா? நானேதான்!

"வாயைத் தொறந்தா மணிமணியா வருது. இவ்வளவு நாளா எங்கடி பூட்டி வச்சிருந்தே?"

அழித்தோம். அக்கா தும்மினார்.

செப்டம்பர் 26

மேடம் எங்கள் இருவரையும் நாளை வரச் சொல்லியிருக்கிறார். காப்பி அடித்ததாகச் சந்தேகமாம். இந்தப் பாடம் போனால் வருஷமே போச்சு. நான் காட்டவே இல்லையே — யார் நம்புவா?

செப்டம்பர் 27

குதிக்க வேண்டும்போல் இருக்கிறது!

இரண்டு புரோகிராமுமே கடைசிப் பேருந்தை மட்டும் விட்டுவிட்டனவாம். எனக்குச் சட்டென்று உறைத்தது: போர்டில் இடம் போதாமல் கடைசிக் கட்டத்தை நான் போடவே இல்லை. என் தப்பு இரண்டு தலைகளில் ஏறிக்கொண்டு வெறுங்கையோடு வெளியே நடந்திருக்கிறது.

அதைச் சொன்னதும் மேடம் எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்து மறுபடி எழுதச் சொன்னார். நான் ஒவ்வொரு பேருந்தாக எடுத்து அதனதன் இடத்தில் செருகினேன். அக்கா பட்டியலைப் பாதி பாதியாக உடைத்துச் சேர்த்தார். மேடம் சிரித்துவிட்டார். "தப்பு ஒண்ணு, வழி ரெண்டு. ரெண்டு பேரும் பேரைப் போட்டிருக்கீங்க. போங்க." பூஜ்யம் இல்லை, அந்தத் தப்புக்கு மட்டும் இருவருக்கும் மார்க் குறையும்.

அம்மா மட்டும் போனில், "கடைசி பஸ்ஸை விட்டா ஜனங்க எப்படிடி வீட்டுக்குப் போவாங்க?" என்று கவலைப்பட்டாள்.

அக்கா எனக்காக நிற்காமல் கிளம்பிவிட்டார். கோபமோ?

செப்டம்பர் 29

கடைசி அசைன்மென்ட்டை இருவர் இருவராகச் செய்யலாம். ஒரே புரோகிராம், ஒரே மார்க். ஜோடியை நாமே தேடிக்கொள்ள வேண்டும். என்னால் மார்க் இழந்தவரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

அக்டோபர் 1

கேண்டீனில் அக்கா. மழை, மின்விசிறிச் சத்தம், என் பல்வலி — கண்டதையும் பேசினேன், அதை மட்டும் விட்டு. வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பையன் ஜோடி சேரக் கேட்டானாம்.

"வேணாம்னுட்டேன். வேற ஒருத்தி கேப்பாளான்னு பாத்துட்டிருக்கேன்" என்றார், டீயை ஊதியபடி.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் டம்ளரை வைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்ட பிறகுதான் வாய் திறந்தது.

"அக்கா, என்கூடச் சேர்ந்து எழுதுறீங்களா?"