குழாய்க்கு எதிராக என் கை

தாம்பரம், ஜூன் 1970. செவ்வாய் இரவு.

எங்கள் தெருவுக்குப் பொதுக்குழாய் கேட்டு இன்று நகராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தவன் நான். "எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் சேர்மன். அந்த நேரம் பார்த்து எங்கள் கட்சித் தலைவர் சோடா கேட்டுப் பியூனைக் கூப்பிடக் கை தூக்கினார். அவர் கையைப் பார்த்தே தூக்கிப் பழகிய நாங்கள் அத்தனை பேரும் தூக்கிவிட்டோம். மானங்கெட்டவன், நானும்தான்.

"தூக்கின கைய இறக்கினா கட்சிக்கு அசிங்கம், வுடுங்க சார்" என்று தலைவர் என் காதோரம் சொன்னார். இறக்கவில்லை. தீர்மானம் தோற்றது. குழாய் வேண்டும் என்றவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டும்தான்.

வீட்டில் என் மனைவி மேரி கேட்டாள்: "குழாய் என்னாச்சுங்க?"

"எதிர்க்கட்சிக்காரங்க கவுத்துட்டாங்க" என்றேன்.

குடத்தோடு அடுத்த தெருவுக்குக் கிளம்பியவள் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கூடச் சேர்ந்து நானும் திட்டினேன்.