வீங்கிய கண்ணும் வாயிற்காவலரும்

மார்ச்சு 3
ஆலைத் தோழர்களே! பத்தொன்பது நாளாய்க் கதவடைப்பு. நம் கூலி உயர்வுக் கோரிக்கைக்கு இன்னும் மறுமொழி இல்லை! – வெறும் சுவரைப் பார்த்து இவ்வாறு முழங்கிப் பழகுகையில்தான் பக்கத்துக் கண்ணாடியில் என் முகத்தைக் கண்டேன். இடக்கண் வீங்கி மூடிக் கிடக்கிறது. வலியில்லை. குருதி அழுத்தத்திற்குப் புது மாத்திரை தொடங்கி இன்றோடு ஆறு நாள்.

மார்ச்சு 4
சங்கச் செயலாளர் என்னைக் கண்டதும் கொதித்தார். "யாருண்ணே கை வெச்சது? அந்த வாட்ச்மேன்தானே? முந்தாநாள் கேட்ல உங்களை மறிச்சானே!"
கேள்விக்குப் பின் மேடையில் நான் விடும் நீண்ட இடைவெளியை, பழக்கத்தால், அங்கும் விட்டேன். அதுவே விடையாயிற்று.

மார்ச்சு 5
தெருவெங்கும் சங்கச் சுவரொட்டிகளில் என் முகம். 'இந்தக் கண்ணுக்கு என்ன பதில்?' கலைந்துகொண்டிருந்த கூட்டம் இருமடங்காயிற்று.
மருத்துவர் அம்மையார் சொன்னார்: "இது மாத்திரை பண்ற வேலை ஐயா. இன்னிக்கே நிறுத்துங்க, வேற தர்றேன். விட்டா நாக்கு வீங்கி மூச்சு முட்டிடும்."

மார்ச்சு 6
விழுங்கினேன். ஆம், அதே மாத்திரையை. பெருங்கூட்டம் நாளை மறுநாள். அதற்குள் வீக்கம் வடிந்துவிட்டால்? உண்மையைச் சொன்னால் போராட்டமே நகைப்பாகும். சொல்லாவிட்டால் – எப்பக்கம் திரும்பினும் சுவர்.

மார்ச்சு 7
சங்கத்தின் முறையீட்டால் வாயிற்காவலரைக் கைது செய்துவிட்டனர். அவர் மனைவி என் வாசலில் நின்றார். "பேசத் தெரிஞ்சவரு நீங்க. ஒரே வார்த்தை சொல்லுங்கய்யா. அவரு அடிச்சாரா?"
நான் வாய் திறக்கவில்லை. சீ, என்ன பிழைப்புடா இது!
அந்த அம்மா போனதும் என் மனைவி கேட்டாள்: "ஊருக்கெல்லாம் நியாயம் பேசுற வாய்க்கு என்னங்க ஆச்சு? அதுவும் வீங்கிடுச்சா?"

மார்ச்சு 8
அந்த மாத்திரையை இன்று தொடவில்லை. மேடையேறி, அதன் அட்டையை உயர்த்திக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரிப்பு, பிறகு கூச்சல். செயலாளர் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "அண்ணனுக்கு உடம்பு சரியில்ல, யாரும் தப்பா எடுத்துக்காதீங்க!" பாதிப்பேர் எழுந்து போயினர். நான் இறங்கிக் காவல் நிலையத்துக்கு நடந்தேன்; எனக்குப் பின்னால் ஒருவரும் வரவில்லை.
அங்கே விசுப்பலகையில் அமர்ந்து எழுதிக் கொடுத்ததன் நகல் இது:
'வாயிற்காவலரான இவர் என்னை வாயிலில் மறித்தது உண்மை, அடித்தது பொய். அப்பொய்க்கு என் வாய்மூடலே காரணம். வழக்கு என்மேல் வரட்டும். காலையில் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். இக்கணமே பூட்டைத் திறந்து இவரை வீட்டுக்கு அனுப்புங்கள்!'