இரண்டாம் தரம் கேட்ட பூ

கார்த்திகை 5, வெள்ளி.

வெளியாட்கள் முன்னால் பேசப் போனால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஹிப்னாடிச சிகிச்சை செய்து பார்க்கலாம் என்று நாமக்கல் டாக்டர் சொன்னார்.

இன்று அப்பா கோயிலில் பூக் கேட்டார். எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் சிகிச்சைக்குப் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளைதான் வந்தது.

அத்தை விடவில்லை. "மயக்கி வெச்சுக் கேட்டா புள்ள எல்லாத்தையும் உளறிருமுங்கண்ணா. அப்புறம் இவள யாரு கட்டுவா? இன்னொருக்கா கேளுங்க."

இரண்டாம் தரம் சிவப்பு வந்தது.

"பாத்தீங்களா, சாமியே சொல்லிருச்சு."

அப்பா தலையாட்டினார். முதலில் சொன்னதும் சாமிதானே என்று கேட்க வாயெடுத்தேன். பூசாரி பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை அடைத்துவிட்டது.

அந்த வெள்ளைப் பூவை எடுத்து வந்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். காலையில் அப்பாவிடம் நீட்டினால் போதும், பக்கத்தில் யார் இருந்தாலும் பேச வேண்டியதில்லை. இப்போதே ஓரம் கறுத்துக்கொண்டு வருகிறது.