உன் அம்மா போட்ட கடைசி விடுகதை

திருச்செங்கோடு
சித்திரபானு வருஷம், ஐப்பசி மாதம்

சௌபாக்கியவதி சௌந்திரத்துக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், எல்லோரும் என்று சொல்ல இப்போது நானும் கறவை எருமையும்தான் இருக்கிறோம், இருவரும் சுகம். நாகபுரியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அர்த்தநாரீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டியவள், நம் வீட்டில் பெண்துணை இல்லாததால் மாமா வீட்டில் இருந்துகொள்ளட்டுமா, நீங்கள் நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டால்தான் மரியாதை என்று எழுதியிருந்தாய், கூடவே மோட்டார் சைக்கிளை விற்றுவிடுங்கள் என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று இருக்கிறேனோ அங்கேயே போய்க் கை நீட்டச் சொல்கிறாளே என்று இருந்தது.

நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சந்தோஷம் இருக்கும் என்று சிறுவயதில் தோன்றும், எனக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியை எனக்குப் பின்னால் வந்தவருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள், அவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர்களில் ஒருவர் முகமும் நினைவுக்கு வராது. சேலத்துச் சுரங்கத் துரையிடம் பழையதாக வாங்கிய அந்த மோட்டார் சைக்கிளை விடிந்ததும் வாசலில் நிறுத்தித் துடைப்பேன், உன் அம்மா அடுப்படியில் இருந்துகொண்டே விடுகதை போடுவாள். எங்கள் ஒப்பந்தம் உனக்குத் தெரியும், நான் விடை சொல்லிவிட்டால் அவள் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுடவேண்டும், சொல்லாவிட்டால் அவள் கேட்கும் ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும். பாதி நாள் விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது உனக்குத் தெரியாது. பெரிதாக எங்கும் போனதில்லை, சங்ககிரி அடிவாரத்தில் வறுத்த கடலை, காவேரிக் கரையில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். மேடு பள்ளம் வந்தால் மெதுவாப் போங்க, குடல் வாய்க்கு வருது என்பாள், மெதுவாகப் போனால் ஏனுங்க, மாட்டு வண்டிக்காரன் நம்மளைத் தாண்டிருவானாட்ட இருக்குது என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பாள். போன கார்த்திகையில் படுத்த படுக்கையாக இருந்தபோதும் ஒன்று போட்டாள், வாய் உண்டு பேச்சில்லை, வாசலுக்கு வந்தவங்களை வாங்கன்னு கூப்பிடும், அது என்னங்க என்றாள். தோரணம் என்றேன், இல்லை என்றாள். கோலம் என்றேன், கோலத்துக்கு ஏதுங்க வாயி, இதுக்குத்தான் அத்தனை புஸ்தகம் படிச்சீங்களா என்றாள். தோத்துட்டேன்னு சொல்லிப்போட்டு என்னை எங்கண்ணன் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்றாள். உடம்பு தேறட்டும், அதற்குள் விடையும் கண்டுபிடிக்கிறேன் என்றேன். தோற்றேன் என்று நான் சொல்லவில்லை. மார்கழி பிறந்தது, அவள் போய்விட்டாள்.

உன் மாமா காளியப்பன் வீட்டுக்கு நான் ஏன் போவதில்லை என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ சிறுபிள்ளையாக இருந்தபோது அவர் மகனுக்குக் காதுகுத்து, உன் அம்மா உன்னை அழைத்துக்கொண்டு முன்னதாகவே போய்விட்டாள். நான் தோல் தொப்பியும் கண்ணாடியுமாக, உடம்பெல்லாம் புழுதியோடு போய் இறங்கினேன். அந்த ஊருக்கு அதற்கு முன் மோட்டார் சைக்கிளில் வந்தவர் அம்மை குத்தும் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான், பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு புழக்கடைக்கு ஓடினார்கள், உன்னையும் யாரோ தூக்கிப்போய்க் நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்தார்கள். என்னை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் விரோதி வந்தாலும் வாசலில் தண்ணீர் நீட்டிவிட்டுத்தான் பேசுவார்கள், அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவனுக்கு அது இல்லை. உன் மாமா வந்து, அட நம்ம மாப்பிள்ளைங்களா, அம்மை குத்தற துரைன்னல்ல புள்ளைகளை ஒளிச்சு வெச்சோம் என்றார், பந்தல் முழுக்கச் சிரித்தது. இனி இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று சொல்லி உன் அம்மாவையும் உன்னையும் அந்த நிமிஷமே வண்டியில் ஏற்றினேன். போன மார்கழியில் அவர் உன் அம்மாவுக்குக் கோடித் துணி எடுத்துக்கொண்டு வந்தபோதுகூட நான் முகம் பார்த்துப் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, யுத்தத்துக்கு மிஞ்சி எனக்குக் கிடைத்த கூப்பன் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு கிளம்பினேன், உனக்காகப் போனேனே தவிர சமாதானத்துக்காக அல்ல. எடப்பாடி தாண்டி ஜலகண்டாபுரம் நெருங்கும்போது ஒரு கிணற்றடியில் நிறுத்தித் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றிப் பையில் போட்டு முகம் கழுவிக்கொண்டேன். சத்தம் கேட்டு உன் மாமா தெருமுனைக்கே வந்து நின்றார், தலை முழுக்க நரைத்துவிட்டது, சிரிக்கவில்லை, வண்டியின் பின் இருக்கையைத்தான் பார்த்தார். வாசற்படியில் உன் அத்தை பாவாயி இரண்டு கையாலும் சொம்பை நீட்டி, வாங்க, தண்ணி குடிங்க என்றாள். வாங்கிக் குனிந்து பார்த்தேன். அகலமான வாய், உள்ளே தண்ணீர், சத்தமில்லை. சொம்பு என்று என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். குடித்து முடித்ததும், இன்னொரு சொம்பு கேட்டேன் என்று நினைத்து உன் அத்தை மறுபடி மொண்டு வந்தாள், அதையும் குடித்தேன். பிறகு உன் விஷயத்தைக் கேட்டேன். கேக்கறதுக்கு என்னங்க இருக்குது மாப்பிள்ளை, தங்கச்சி புள்ளை வேற எங்க போவா, மேக்கால அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு என்றார் உன் மாமா. நான் கேட்பதற்கு முன்பே அடித்துவிட்டார்கள், அதிலும் எனக்கு வருத்தம்தான், வெளியே சொல்லவில்லை. திரும்பும்போது சங்ககிரி அடிவாரத்தில் பழக்கத்தில் தலையைத் திருப்பி, கடலை வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். விடை கண்டுபிடித்துவிட்டேன் சௌந்திரம், கச்சாயம் சுடத்தான் ஆளில்லை.

கார்த்திகை முடிவதற்குள் மாப்பிள்ளையோடு கிளம்பி வா. ரயிலில் பட்டாளத்துக் கூட்டம் அதிகம், ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள், குடத்தைத் தூக்காதே. சேலம் ஜங்ஷனுக்கு உன் மாமா வில்வண்டியோடு வருவார், நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன், என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளை விற்கமாட்டேன், சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன், பிறக்கப் போகிற பிள்ளைக்கு விடுகதை போட வருகிறதா என்று பார்க்கலாம். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், உன் அம்மாவின் ஆசியும் அதில் சேர்ந்தது. ஒன்றை மறக்காதே, மாமா வீட்டு வாசலில் இறங்கியதும் அழுகையோ பேச்சோ எதுவானாலும் பிறகு, முதலில் அத்தை நீட்டும் தண்ணீரை வாங்கிக் குடி.

உன் அப்பா,
மருதாசலம்