பத்தாம் இலக்கத்துக்காக நீ வாதாடிய சனிக்கிழமைகள்

நேற்று மரக்கறி வாங்கப் போன இடத்தில், சூப்பர் மார்க்கெட்டின் வாசலில் ஒரு பெரிய கம்பிக் கூடை நிறைய உதைபந்துகள் போட்டு வைத்திருந்தார்கள். கோடை வருகிறது, பிள்ளைகளுக்கான மலிவுப் பந்துகள். புது ரப்பர் வாசம் கதவு வரைக்கும் அடித்தது. தள்ளுவண்டியை ஓரமாக விட்டுவிட்டு ஒன்றை எடுத்து இரண்டு பெருவிரல்களாலும் அமத்திப் பார்த்தேன். நல்ல இறுக்கம். அடுத்தது கொஞ்சம் இளக்கம். இன்னொன்றுக்குக் கை போனபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. எங்கள் வீட்டில் பந்து விளையாட ஆளில்லை. பிள்ளைகள் வளர்ந்து வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பந்தைத் திரும்ப வைத்துவிட்டு உள்ளே போய் லீக்ஸும் கரட்டும் வாங்கினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, நீ போனதில் இருந்து எனக்கு அப்படித்தான் இருக்கிறது, மச்சான்.

பந்தை அமத்திப் பார்க்கும் பழக்கம், பந்து விவகாரம் நடந்த அந்தக் குளிர்காலத்தில் நம் எல்லோருக்கும் தொற்றிய நோய். மகேந்திரன் அண்ணை தன் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே ஒரு பந்தைக் கொண்டுவந்து வைத்திருந்தார். வருகிறவர்கள் எல்லாம் அதை எடுத்து அமத்திவிட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் தேநீருக்கு உட்காருவார்கள். நீ மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பாய். வாதாடும்போது மடியில் வைத்துக்கொள்வாய்.

நம் ஊர்க் கழகம் பெரிய கழகமில்லை. டோர்ட்மண்டுக்குப் போய்ப் பெரிய கழகத்துக்குக் கத்துகிறவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் நீயும் நானும் ரவியும் ஜெர்மனிக்கு அகதிகளாக வந்து இறங்கிய ஹைமின், அந்த அகதி விடுதியின், ஜன்னலில் தெரிந்தது இந்தச் சின்ன மைதானத்தின் விளக்குக் கோபுரங்கள்தான். வேலை செய்ய அனுமதியில்லை, ஊரை விட்டு வெளியே போகவும் அனுமதியில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்போம். எது கோல், எது தப்பிப்போன கோல், எது மத்தியஸ்தருக்கு விழும் ஏச்சு என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழகினோம். “இந்த நாட்டிலை எனக்கு முதல் விளங்கின மொழி இதுதான்” என்று நீ சொல்வாய். பிறகு நீ நகர பஸ் சாரதியானாய், ரவி மருந்துக் களஞ்சியத்தில் வேலைக்குப் போனான், நான் தபால் பிரிக்கும் நிலையத்தில் சேர்ந்தேன். கல்யாணம், பிள்ளைகள், வீடு எல்லாம் வந்தன. மைதானத்தில் நின்று பார்க்கும் பக்கத்தில் நம் மூன்று பேருடைய இடம் மட்டும் மாறவில்லை.

பிரச்சினை கிளம்பிய அந்த ஆட்டத்தை நாம் நேரே பார்த்தோம். கடைசி நிமிடங்களில் எங்கள் பத்தாம் இலக்கம் ஒரு ஃப்ரீ கிக் அடித்தான். பந்து, சுவர் மாதிரி வரிசையாக நின்ற எதிரணி ஆட்களுக்கு மேலால் போய்த் திடீரென்று விழுந்தது. நாம் மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். கீழே, எதிரணிக் கோல் காப்பாளன் வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து அமத்திப் பார்த்துவிட்டு, அதை அப்படியே மத்தியஸ்தரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அளந்து பார்த்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் மத்தியஸ்தர் சரிபார்த்துக் கொடுத்த பந்துகளில் சிலவற்றில் காற்று குறைந்திருந்தது.

அடுத்த வாரமே, எங்கள் கழகத்தின் பந்துகளுக்கும் உடுப்புகளுக்கும் பொறுப்பாக இருந்த வயதான மனிதர் ஒத்துக்கொண்டார். காற்றை இறக்கியது தான்தான் என்றார். யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டபோது அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்: “அவருக்கு அப்படித்தான் விருப்பம்.” அவர் சொன்னது பத்தாம் இலக்கத்தைத்தான். அவனோ விசாரணையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. விளையாட்டு நீதிமன்றம் அவனை அந்தப் பருவம் முழுக்கவும் அடுத்ததிலும் பெரும் பகுதிக்கும் தடை செய்தது. அவன் மேன்முறையீடு செய்தான்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. பேக்கரியில், பஸ் தரிப்பிடத்தில், என் வேலையிடத்தின் சாப்பாட்டு அறையில், எல்லா இடத்திலும் இதே கதை. மகேந்திரன் அண்ணையின் பின்னறையில் நீ ஒரு பக்கம், ரவி மறுபக்கம். மற்றவர்கள் எல்லோரும் ரவியின் பக்கம்தான் என்பது உனக்குத் தெரியும். நானும் உள்ளுக்குள் அந்தப் பக்கம்தான் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். நீ அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

“விருப்பம் எண்டால் கட்டளையோ?” என்பாய். “எனக்குக் கறியிலை உறைப்புக் கூட இருந்தால்தான் விருப்பம். அது வசந்திக்குத் தெரியும். நான் சொல்லியே அவள் போடுறவள்?”

“நீ சொல்லாமலே போடுறா எண்டால், கலியாணம் முடிச்ச புதிசிலை ஒருக்கா சொல்லியிருப்பாய்” என்பான் ரவி.

எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரித்துவிட்டு விடாமல் தொடர்வாய். “அவன் என்ர பஸ்ஸிலை ஏறி இறங்கின பொடியன், தெரியுமோ? பயிற்சிக்குப் போகேக்கை ஒருநாள் பாஸை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டான். நான் கவனிக்கவே இல்லை. தானா முன்னுக்கு வந்து, பாஸ் கொண்டரேல்லை, இறங்கட்டோ எண்டு கேக்கிறான். அவனே களவு செய்யிறவன்?”

“அந்த வயசிலை நானும் நல்ல பொடியன்தான்” என்பான் ரவி.

ரவிக்கு இது சின்ன விஷயமில்லை. நம் தமிழ் ஆட்களின் கோடைகாலச் சுற்றுப்போட்டிகளில் விசில் ஊதுகிறவன் அவன். விதிப் புத்தகத்தைக் காரில் வைத்திருக்கிற மனிதன். “குற்றமில்லாதவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கோணும்? வாயைத் திறந்து, நான் சொல்லேல்லை எண்டு சொல்லலாம்தானே?” என்று அவன் கேட்ட அன்று உன் முகம் மாறியது.

“வாயைத் திறந்தவனை எல்லாம் நம்பினவங்களோ?” என்றாய்.

அகதித் தஞ்சம் கேட்ட உன் விசாரணை எனக்கும் ரவிக்கும் நினைவுக்கு வந்தது. காலையில் இருந்து பின்னேரம் வரைக்கும், ஊரில் நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு ஹைமுக்கு வந்தாய். உன் கதை நம்பும்படியாக இல்லை என்று பதில் வந்தது. வழக்கறிஞர் பிடித்து, இன்னொரு விசாரணைக்குக் காத்திருந்து, அது சரிவர நெடுங்காலம் எடுத்தது. அந்த நாட்களில் நீ பேச்சைக் குறைத்துவிட்டாய். கேட்டால், “சொல்லி என்ன?” என்பாய்.

அதோடு அன்று எழும்பியிருக்கலாம். ஆனால் ரவி அதிலும் விதியைத்தான் பிடித்தான். “அது வேறை, இது வேறை மச்சான். விதி எண்டால் விதிதான்” என்றான்.

நீ மடியில் இருந்த பந்தைத் தரையில் வைத்தாய். “விதியைப் பற்றி நீ கதைக்காதை. போன கோடையிலை உன்ர தம்பியின்ர அணிக்குப் பெனால்டி குடுத்து வெல்ல வைச்ச ஆள் நீ.”

அந்த ஆட்டத்தில் நீ என் பக்கத்தில் நின்றாய். அது பெனால்டிதான் என்று என்னிடம் முதலில் சொன்னவனே நீ. ரவிக்கு அது தெரியாது. அவன் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, ஜக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, மகேந்திரன் அண்ணைக்கு மட்டும் “வாறன் அண்ணை” என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை. மைதானத்திலும் வேறு பக்கத்துக்கு மாறி நின்றான். நம் இருவருக்கும் நடுவே அவனுடைய இடம் வெறுமையாக இருந்தது. யாராவது தெரியாதவர்கள் வந்து நின்றால் நீ முறைத்துப் பார்ப்பாய்.

நான் இரண்டு பக்கமும் போய்க் கதைத்தேன். “அவன் வரட்டும், நான் கதைக்கிறன்” என்றாய் நீ. “அது பெனால்டிதான் எண்டு அவனைச் சொல்லச் சொல்லு, நான் வாறன்” என்றான் அவன்.

இளவேனிலில் உனக்கு முதுகு நோகத் தொடங்கியது. பஸ் இருக்கையைக் குறை சொன்னாய். மனேஜருக்கு எழுத, இருக்கையையும் மாற்றினார்கள். நோவு மாறவில்லை. கணையத்தில் புற்றுநோய் வந்திருக்கிறது என்று டாக்டர்மார் கண்டுபிடித்தபோது அது ஈரலுக்கும் போயிருந்தது. இலையுதிர் காலத்தில் டோர்ட்மண்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நான் வேலை முடிந்து ரயிலில் வருவேன். கழகத்தின் செய்திகளைச் சொல்வேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்பாய், கேட்காமலும் இருப்பாய். சாப்பாட்டுத் தட்டு வந்தபடியே திரும்பிப் போகும்.

ஒருநாள் வசந்தி நடைபாதையில் நின்று ரவிக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். “ரவி அண்ணை, இவர் ஒண்டும் சாப்பிடுறார் இல்லை. நீங்கள் சமாதானமாகத் தேவையில்லை. வந்து சண்டையாவது பிடியுங்கோ.”

அவன் அடுத்த நாள் வேலையில் இருந்து நேரே வந்தான், இரும்பு முனை வைத்த சப்பாத்தோடு. சுகம் விசாரிக்கவில்லை. மெலிந்துபோன உன் கைகளைப் பார்த்தான், ஒரு கணம்தான், பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

“உன்ர ஆளின்ர மேன்முறையீடு என்ன மாதிரி?”

நீ கண்ணைத் திறந்தாய். “வெல்லுவான்.”

“கள்ளன் எப்பிடி வெல்லுறது?”

“தலகணியை உயர்த்து” என்று எனக்குச் சொன்னாய். உயர்த்தினேன். “குளிரிலை காத்துச் சுருங்கும். அண்டைக்கு உறைபனி. பந்துகள் வெளியிலை கிடந்தது. கிழவன் பயத்திலை ஒத்துக்கொண்டவன். இதை நான் படுத்துக்கொண்டு யோசிச்சனான்.”

“எல்லாப் பந்தும் ஒரே குளிரிலைதானே கிடந்தது? ஏன் சிலதிலை மட்டும் குறைஞ்சது?”

“பொறு, யோசிச்சுச் சொல்லுறன்” என்றாய். அதற்குள் வசந்தி ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்துவிட்டாள். நீ கவனிக்காமல் விழுங்கிவிட்டு, இரண்டு அணியும் அதே பந்தைத்தானே உதைத்தது என்று தொடங்கினாய். எங்கள் ஆள் அந்த இளக்கத்தில் பழகியவன், மற்றவர்கள் பழகாதவர்கள் என்று ரவி சொன்னான். இன்னொரு கரண்டி. சத்தத்துக்கு நேர்ஸ் எட்டிப் பார்த்து என்ன பிரச்சினை என்று கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். “அவன் செய்தவன்தான், அதில் என்ன சந்தேகம்?” என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனாள். “ஐயோ, இவளும் உன்ர கட்சி” என்று நீ தலையில் கை வைத்தாய். கோப்பையில் பாதி சூப் முடிந்திருந்தது. வசந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரவி எழும்பி ஜக்கெட்டின் சிப்பை இழுக்கும்போது நீ சொன்னாய்: “அது பெனால்டிதான், மச்சான்.”

அவன் சிப்பைப் பிடித்தபடியே நின்றான். “தெரியும்” என்றான். பிறகு, “ஆனால் உன்ர ஆள் கள்ளன்.”

நீ சிரித்தாய். நான் கேட்ட உன் கடைசிச் சிரிப்பு அது. பிறகு வந்த நாட்களில் நீ பெரும்பாலும் நித்திரை. ரவி வேலை முடிந்து வந்து பக்கத்தில் இருந்து பத்திரிகை வாசிப்பான், கழகச் செய்தியைச் சத்தமாக.

தகனத்துக்கு நாள் எடுத்தது, ஐயரைக் கூப்பிட்டது, மண்டபம் பிடித்தது எல்லாம் ரவிதான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் வந்தவர்களுக்கு எங்கே கார் நிறுத்துவது என்று காட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டேன். அடுத்த நாள் வேலைக்குப் போய்த் தபால் பிரித்தேன். எல்லோரும் என் தோளைத் தொட்டார்கள். நான் நன்றி சொன்னேன்.

நீ போன சில நாட்களில் மேன்முறையீட்டின் முடிவு வந்தது. அவன் சொல்லித்தான் நடந்தது என்று நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லையாம். தடையைக் குறைத்தார்கள். குற்றமற்றவன் என்றும் அவர்கள் சொல்லவில்லை. அவன் திரும்பி வந்த ஆட்டத்தில் பாதி மைதானம் கை தட்டியது, பாதி ஏளனமாக விசிலடித்தது. ரவி நம் இடத்துக்கே வந்து என் பக்கத்தில் நின்றான். அவன் கை தட்டவும் இல்லை, விசிலடிக்கவும் இல்லை. எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை. குளிர் மட்டும் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை மகேந்திரன் அண்ணையின் பின்னறையில் இதே கதைதான். “கள்ளன் ஒரு மாதிரித் தப்பி வந்திட்டான்” என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். மறுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அடுத்த பேச்சு காலநிலைக்குப் போயிருக்கும்.

“பொறுங்கோ. அவன் சொன்னவன் எண்டு ஆர் கண்டது?”

குரல் என்னுடையது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவன் செய்தான் என்று நம்புகிறவன் என்பது ரவிக்கு நன்றாகத் தெரியும். அவன் கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டான்.

“சரி,” என்றான். “சொல்லு பாப்பம்.”

அன்றில் இருந்து நான்தான் வாதாடுகிறேன். உன்னளவுக்கு வராது. பாதியில் நியாயம் தீர்ந்துபோகும், ரவி மடக்கிவிடுவான். வேலையிடத்தில் தபால் பிரிக்கும்போது அடுத்த கிழமைக்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்கிறேன். அவன் செய்தான் என்றுதான் இன்னும் நினைக்கிறேன், மச்சான். ஆனால் அந்த அறையில் உன் பக்கத்துக்கு ஒரு ஆள் இருக்கிறான்.