அத்தைக்கு நாலு பக்கம், அம்மாவுக்கு அரைப் பக்கம்

பிரேசர் டவுன், பெங்களூர்
18.8.1997

அன்பு மகள் ஆஷாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நலம், மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளை கிஷோரும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். இங்கே ஒரு வாரமாக மழை, துவைத்த துணி காயவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, சர்ச்சுக்கு நடந்தே வருகிறார். உன் மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து நாலு நாளாகிறது, கஞ்சியும் ரசம்சாதமும் இறங்குகிறது, அதில் உனக்குக் கவலை வேண்டாம். கவலை வேறொன்று, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி.

அடுகோடியில் உன் மாமியார் தெருவுக்குத் தபால் ஒழுங்காகப் போவதில்லை என்று ஒரே கவரில் எங்கள் இரண்டு பேருக்கும் வைத்து அனுப்புகிறாய், நானும் பஸ் ஏறிப் போய்க் கொடுத்து வருகிறேன். போன மாதக் கடைசியில் வந்த கவரைப் பிரித்தால் எனக்கு அரைப் பக்கம், சௌக்கியமா, சௌக்கியம், அப்பாவைப் பார்த்துக்கொள், அவ்வளவுதான். உன் மாமியாருக்கு நாலு பக்கம், நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாய். ஒட்டாமல் மடித்துத்தானே வைத்திருந்தாய், படித்துவிட்டேன். அவர் தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை உனக்கு அனுப்பியிருக்கிறார், குளோரைடு தொண்ணூற்று மூன்று, பக்கத்தில் அளவு சரியில்லை என்று ஒரு ஸ்டார். நீ லேபில் வேலை பார்க்கிறாய் என்பது அவருக்குத் தோன்றியிருக்கிறது, பெற்ற எனக்குத் தோன்றவில்லை பார். அதற்கு உன் பதில், நாம் சாப்பிடும் உப்பே சோடியமும் குளோரைடும் சேர்ந்ததுதான், உடம்பில் தண்ணீர் அளவோடு நிற்க இரண்டும் வேண்டும், தொண்ணூற்றாறிலிருந்து நூற்றாறு வரை சரி, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், கால் வீக்கத்துக்குச் சாப்பிடுகிற நீர் மாத்திரையாலும் குறையும், வாந்தியாலும் குறையும், நீங்களாக உப்பை நிறுத்திவிடாதீர்கள், மாத்திரை கொடுத்த டாக்டரிடமே உடனே காட்டுங்கள் அத்தை என்று எத்தனை பொறுமை உனக்கு. அத்தை என்று மட்டும் பதினோரு இடத்தில் இருந்தது. எண்ணினேன்.

எனக்கு வயிறு எரிந்தது ஆஷா, ஒளிப்பானேன். எனக்கும் ஒரு ஸ்டார் வந்தால் எனக்கும் எழுதுவாய் என்று சிவாஜிநகரில் ஒரு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். முதல் நாள் நாலு டம்ளர் மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் குடித்தேன், இந்த வயதில் இது ஒரு புத்தி. நூற்று ஒன்று என்று வந்தது. "எல்லாம் நார்மல் ஆன்ட்டி, ஒரு நாள் உப்புக்கெல்லாம் இது ஏறாது, கிட்னி பாத்துக்கும்" என்று லேப்காரர் சந்தோஷமாகச் சொன்னார், எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. அந்த ஆத்திரத்தில் உன் மாமியார் கடிதத்தை பீரோவில் புடவைக்கடியில் வைத்துவிட்டேன். நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று ஒன்பது நாள் போயிற்று. அப்பா கேட்டதற்குக் கொடுத்தாயிற்று என்று பொய் சொன்னேன்.

பத்தாம் நாள் மனசு கேட்காமல் எடுத்துக்கொண்டு போனால் அவர் தனியாகக் கட்டிலில் சுருண்டு கிடக்கிறார், என்னை யசோதா, யசோதா என்று செத்துப்போன தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஸ்டார் என்றால் உப்பு கூடிவிட்டது என்று தானாக நினைத்துக்கொண்டு சாப்பாட்டில் உப்பையே நிறுத்தியிருக்கிறார், குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருக்கிறார், மாத்திரையை மட்டும் விடவில்லை, இரண்டு நாளாக வாந்தி வேறு. பக்கத்து வீட்டு பச்சைமுத்து ஆட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் குளோரைடு எண்பத்திரண்டு, சோடியமும் கூடவே இறங்கியிருந்தது. மூன்று நாள் மெதுவாக டிரிப் ஏற்றினார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும்மா, யாரும் கவனிக்கலையா" என்று டாக்டர் கேட்டார்.

தெளிந்த பிறகு கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். மேலே இருந்த தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் எஸ்டிடி பூத்திலிருந்து உன்னிடம் "லெட்டர் அன்னைக்கே வந்துடுச்சும்மா, நான்தான் கண்ணாடி ஒடஞ்சுபோச்சின்னு படிக்காம வச்சிட்டேன்" என்று சொன்னாரே, அது பொய். கண்ணாடி அவர் மூக்கின் மேலேதான் இருந்தது, நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதுகூட எனக்கு நன்றி வரவில்லை ஆஷா, பொறாமைதான் வந்தது. இப்படி ஒரு மனுஷிக்கு நீ ஏன் நாலு பக்கம் எழுதமாட்டாய் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவருக்கு ரசம் வைத்தேன், டாக்டர் சொன்ன அளவு உப்புப் போட்டேன், அப்புறம்தான் அழுகை வந்தது.

மாப்பிள்ளையிடம் சொல்வது உன் இஷ்டம், சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன், இன்னும் என்னோடு பேசவில்லை. வேலைக்குப் போகும்போது பட்டினியாகப் போகாதே, தலைவலி என்றால் உடனே மாத்திரையைத் தேடாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் செட்டைகளின் கீழ் வைத்துக் காப்பாராக. மறக்காமல் பதில் போடு. எனக்கு ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு வியாதியும் இல்லாதவளுக்கும் நாலு பக்கம் எழுதலாம், ஆஷா.

உன் அம்மா
மரகதம் தியோடர்